நிமிர்ந்து வந்தவர்

என் கணவரின் முகத்தை நான் முதன்முதலாக அண்ணாந்து பார்த்தபோது எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அதுவரை அவரோடு பேசும்போதெல்லாம் நான்தான் தலையைச் சாய்த்து, கீழே இறக்கி, அவர் கண்ணைத் தேட வேண்டும்.

முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே எலும்பாக இறுகிப்போகிற வியாதி அவருக்கு. காலேஜில் படிக்கும்போதே ஆரம்பித்ததாம். பெண் பார்க்க வந்த அன்றே முதுகு கொஞ்சம் வளைந்துதான் இருந்தது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் அப்போது நர்ஸாகச் சேர்ந்திருந்தேன். அந்த வியாதியின் பெயரும் தெரியும், அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரியும். தெரிந்துதான் சம்மதித்தேன். அவர் சிரிப்பு பிடித்திருந்தது. வேறு காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. கல்யாண போட்டோவில் எங்கள் இரண்டு பேரையும் நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தார்கள்.

வருஷம் போகப் போக வளைவு கூடியது. மோவாய் நெஞ்சைத் தொடும் அளவுக்கு வந்தது. காட்பாடியிலிருந்து தினமும் காலை ரயிலில் ஆம்பூருக்கு வேலைக்குப் போவார். ரயில் சிநேகிதர்களைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். ஒரு தோல் கம்பெனியில் செலக்‌ஷன் பிரிவு. பதனிட்ட தோலை மேஜைமேல் விரித்து, கீறல், வெட்டு, மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தழும்பு எல்லாம் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். எப்போதும் குனிந்தே இருக்கிற மனுஷனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வேலை.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு வாய் சாப்பிட்டால் வயிறு அழுத்தியது. ரோட்டைக் கடக்கும்போது எதிரே வரும் வண்டி தெரியாமல் இரண்டு தடவை விழுந்தார். அப்புறம்தான் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

நான் அந்த டாக்டரின் ஆப்பரேஷன் தியேட்டரில்தான் வேலை பார்த்தேன். முதுகு ஆப்பரேஷன்களுக்குக் கருவி எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்தத் தட்டுகளைப் பார்க்கிறவர்களுக்கு மெக்கானிக் கடை ஞாபகம்தான் வரும். ஸ்குரூக்கள், ஸ்குரூடிரைவர்கள், எலும்பைக் கொறிக்கும் இடுக்கிகள், கம்பிகள், கம்பி வளைக்கும் கருவி. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஸ்குரூக்களை இறக்கி, அவற்றின் தலைகளை இணைத்து ஒரு கம்பியை உட்காரவைத்து, மேலே மூடித் திருகு போடுவார்கள். அதுவரை லேசாக ஆடிக்கொண்டிருக்கும் ஸ்குரூவின் தலை அதற்கப்புறம் ஆடாது. கடைசி முறுக்கில் கைப்பிடியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். போதும் என்று அர்த்தம்.

என் கணவருக்கு வளைந்தபடியே ஒட்டிப்போன எலும்பில் ஒரு முக்கோணத் துண்டை வெட்டியெடுத்து, ஆளை நிமிர்த்தி, நிமிர்ந்த நிலையில் ஸ்குரூவும் கம்பியும் போட்டு நிறுத்திவைக்க வேண்டும். எலும்பு மறுபடியும் சேர்ந்துகொள்ளும், ஆனால் நேராக.

டாக்டர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். "கழுத்தும் இறுகிப்போச்சு. அதனால நான் எப்படி வைக்கிறேனோ அப்படித்தான் கடைசிவரைக்கும். ரொம்ப நிமிர்த்திட்டா எதிர்ல பார்க்கலாம், தட்டுல இருக்கிற சோறு தெரியாது. கம்மியா நிமிர்த்தினா தட்டு தெரியும், ஆளு முகம் தெரியாது. எது வேணும்?"

அவர் யோசித்துவிட்டு, "ரெண்டுக்கும் நடுவுல வைங்க சார்" என்றார்.

"முயற்சி பண்றேன். கொஞ்சம் முன்னபின்ன ஆகும்" என்றார் டாக்டர்.

சொந்தக்காரர்களுக்கு ஆப்பரேஷன் என்றால் அன்றைக்கு அந்த தியேட்டரில் நிற்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆனால் முந்தைய நாள் சாயங்காலம் சென்னையிலிருந்து அலுமினியப் பெட்டிகளில் வந்திறங்கிய செட்டைக் கழுவி அடுக்கியது நான்தான். அதில் எந்த ஸ்குரூ அவருக்குள் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றையும் தொட்டேன். ஒரு கம்பியை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். டைட்டானியத்தில் இரும்பின் சில்லிப்பு இருக்காது. பிடித்த கொஞ்ச நேரத்தில் கைச்சூட்டுக்கு வந்துவிடும். எத்தனையோ தடவை பிடித்த பொருள்தான். அன்றைக்கு அது சூடேறியபோது, எதையோ எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது. சட்டென்று தட்டில் வைத்துவிட்டேன்.

மறுநாள் ஆப்பரேஷன் முடிந்து, என் இடத்தில் நின்ற சின்ன நர்ஸ் வெளியே வந்தாள். "நல்லபடியா முடிஞ்சிடுச்சுக்கா. கால் ரெண்டும் ஆட்டுறாரு" என்றாள். நான் அழுதேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே அவள் இன்னொன்றும் சொன்னாள். "நிமிர்த்தி கம்பிய லாக் பண்ணாங்கல்ல, அப்ப எனக்கு ஒரு மாதிரி ஆய்டுச்சுக்கா. வேற யாரோ படுத்திருக்கிற மாதிரி."

அவரை எழுப்பி நிற்கவைத்த நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். பிசியோதெரபிஸ்ட் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள, மெதுவாக எழுந்தார். அவர் முகம் என் நெஞ்சுக்கு நேரே வந்தது. என் முகத்துக்கு நேரே வந்தது. நிற்கவில்லை, மேலே போய்க்கொண்டே இருந்தது. அந்த முகத்தில் நேராக வெளிச்சம் விழுந்து நான் பார்த்ததில்லை. தாடை அவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது. அவருக்குக் கழுத்து இருந்தது. நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"இன்னா, பயந்துட்டியா?" என்று கேட்டார். குரல் மேலேயிருந்து வந்தது. "உனக்கு உச்சியில நரை வந்திருக்குதே. நான் பாத்ததேயில்ல."

சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்த பிறகும் உள்ளே என்னவோ உறுத்தியது. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

எங்கே என்பது வீட்டுக்குப் போனதும் தெரிந்தது.

எங்கள் வீட்டில் அப்போது நாங்கள் இரண்டு பேரும், என் மாமியாரும்தான். அத்தைக்கு இரண்டு மகன்கள். பெரியவர், என் கணவரைவிட இருபது வயது மூத்தவர், நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே செத்துப்போய்விட்டார். ஒரு நாள் மத்தியானம் பைக்கில் ஆம்பூருக்குப் போகும்போது பள்ளிகொண்டா தாண்டி நெடுஞ்சாலையில் லாரி மோதிவிட்டது. சவப்பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். அத்தைக்கு முகத்தைக் காட்டவில்லை. காட்டுகிற நிலையில் இல்லை. அவர் போட்டோ ஒன்று கூடத்தில் மாட்டியிருக்கும். தினமும் துடைக்கிறேன் என்றாலும் அதை நான் நின்று பார்த்தது கிடையாது.

ஆட்டோவிலிருந்து இறங்கி, வெயிலில் நேராக நடந்து, என் கணவர் வாசலில் வந்து நின்றார். அத்தை உள்ளேயிருந்து வந்தார். அவருக்கு அப்போதே மறதி ஆரம்பித்திருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பார், வந்த சொந்தக்காரர்களின் பெயரை மாற்றிச் சொல்வார். அவ்வளவுதான்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கிட்டே வந்து என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பெரியவனே" என்றார். "இத்தினி நாளு எங்கடா இருந்த?"

நான் கூடத்துச் சுவரைப் பார்த்தேன். அதே தாடை. அதே கழுத்து. போட்டோவில் இருப்பவருக்கு மீசை இருந்தது. அது ஒன்றுதான் வித்தியாசம். பெரியவர் செத்தபோது இருந்த வயதைத்தான் இவரும் அந்த வருஷம் எட்டியிருந்தார். காலேஜ் நாளிலிருந்தே குனிந்து வந்தவரின் முகத்தை, பெரிய ஆளாக நிமிர்ந்த நிலையில் அவருடைய அம்மாவே பார்த்ததில்லை.

"அம்மா, நான் சின்னவன்ம்மா. ஆப்பரேஷன் பண்ணிக்கினு வந்திருக்கேன்."

அத்தை சிரித்தார். "சும்மா இருடா. அவன் இன்னாத்துக்கு இவ்ளோ ஒசரம் இருக்கப் போறான்?"

முதல் வாரம் என் கணவர் அம்மாவைத் திருத்திக்கொண்டே இருந்தார். எக்ஸ்ரேயைக் காட்டினார். ஏணி மாதிரி வெள்ளையாகத் தெரிந்த ஸ்குரூவையும் கம்பியையும் பார்த்துவிட்டு அத்தை, "யாருதுடா இது, பாவம்" என்றார். இரண்டாவது வாரம் திருத்துவதை விட்டுவிட்டார். டாக்டரே, "வயசானவங்க, அவங்க போக்குல விடுங்க" என்று சொல்லியிருந்தார்.

சட்டை ஒரு பிரச்சினையாக வந்தது. அவருடைய பழைய சட்டைகள் எல்லாம் கூன் முதுகுக்காகப் பின்பக்கம் நீளமாகத் தைத்தவை. நிமிர்ந்த உடம்பில் ஒன்றும் நிற்கவில்லை. ஒரு காலையில் அத்தை தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பெரியவரின் நாலு சட்டைகளை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். அந்துருண்டை வாசனை வீடு முழுக்க அடித்தது. அப்படி வைத்திருக்கிறார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. வேறு வழியில்லாமல் என் கணவர் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். தோள், கை நீளம், காலர் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். புதுசு வாங்கித் தருகிறேன் என்றேன். "இதுவே நல்லாத்தான் இருக்குது" என்றார்.

ஒருநாள் அத்தை, "மீசைய ஏன்டா எடுத்த?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் மேலுதட்டைச் சவரம் செய்யவில்லை என்பதைக் கவனித்தேன்.

"எதுக்குங்க மீசை?"

"சும்மாதான்."

மூன்று மாதத்துக்குப் பிறகு வேலைக்குப் போனார். கம்பெனி வாட்ச்மேன் அவரை உள்ளே விடவில்லை. "யாரு சார் நீங்க, யாரைப் பாக்கணும்?" என்று கேட்டானாம். பல வருஷமாகத் தினமும் வணக்கம் சொன்ன ஆள். அவர் வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மேஜைக்குக் கீழே கட்டை கொடுத்து உயர்த்தித் தந்திருக்கிறார்கள், தோல் இப்போது நன்றாகத் தெரிகிறது என்றார். அந்த மீசையோடு, அந்தச் சட்டையோடு அவர் சிரித்தபோது நான் சேர்ந்து சிரிக்கவில்லை. நான் அறிந்த சிரிப்பு கீழேயிருந்து மேலே வரும். இது மேலேயிருந்து வந்தது.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவர் வாசலில் வந்து நின்றால் உடனே பேச மாட்டேன். அவர் முதலில் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருப்பேன். குரல் மட்டும் மாறவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய் வந்து நான் சமையலறையில் இருந்தேன். கூடத்தில் அத்தையும் அவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு ஏன்டா பாதி சோத்துல எழுந்து போய்ட்ட?" என்று அத்தை கேட்டார்.

லாரி மோதிய அந்த நாளைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அவர் என்ன சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"ரசத்துல உப்பு ஜாஸ்தியா இருந்துச்சிம்மா" என்றார் அவர்.

அத்தை மெதுவாகச் சிரித்தார். "ஆமாடா. கை தவறிப் போச்சு. நீ போனப்புறம் தண்ணி ஊத்தி வச்சேன். நீ வரவேயில்லை."

நான் கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். நேராகத்தான் உட்கார முடியும். முகம் வெளுத்திருந்தது. பிறகு பின்கட்டில் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நீங்க அப்ப ஸ்கூல்ல இருந்தீங்கன்னுதானே சொன்னீங்க?"

"ஸ்கூல்லதான் இருந்தேன்."

"பின்ன?"

"தெரியல. வாயில வந்துச்சு." என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். குனிந்து தப்பிக்க முடியாததால் முழு உடம்போடு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாத."

பெரியவர் செத்த சமயத்தில் யாரோ அந்த வீட்டில் ரசத்தைப் பற்றிப் பேசி, சின்னப் பையனாக அவர் காதில் விழுந்திருக்கலாம். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்காவிட்டால் அந்த வீட்டில் இருந்திருக்க முடியாது.

ஆனால் நாங்கள் இரண்டு பேருமே எதிர்பார்க்காத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. அத்தை சாப்பாட்டு நேரத்தில் கூடுதலாக ஒரு தட்டு வைக்க ஆரம்பித்தார்.

"யாருக்கு அத்தை?"

"சின்னவனுக்கு. ஏம்மா, அவன் எப்ப வருவான்?"

பெரியவர் திரும்பி வந்துவிட்டார். அதனால் சின்னவரைக் காணவில்லை. முதலில் அத்தை எங்களிடம் மட்டும் கேட்டார். பிறகு பக்கத்து வீட்டில், கடையில், சர்ச் வாசலில். "என் சின்னவனைப் பாத்தீங்களா? குனிஞ்சி குனிஞ்சி நடப்பான். ரோட்டப் பாத்துக்கினே போவான்." தெரிந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். தெரியாதவர்கள் பாவம் என்பார்கள். என் கணவர் எதிரிலேயே, அவர் தோளைத் தொட்டே கேட்பார், "உன் தம்பியப் போய்த் தேடேன்டா. உனக்கு அவன்மேல பாசமே இல்லியா?"

ஒரு மத்தியானம் நான் டியூட்டி முடிந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது. அத்தை இல்லை. கணவருக்கு போன் போட்டேன். அடுத்த ரயிலைப் பிடித்து வந்தார். தெருவாகத் தேடிக்கொண்டு போய், கடைசியில் பாலாற்று மணலில் பார்த்தோம். தண்ணீர் இல்லாத ஆறு, வெயில் கொதித்தது. நடு ஆற்றில் அத்தை இடுப்பை ஒடித்து, மோவாய் நெஞ்சில் படக் குனிந்து, மணலையே பார்த்துக்கொண்டு மெல்ல நடந்துகொண்டிருந்தார். என் கணவர் பழைய நாட்களில் நடந்த அதே நடை. ஒரு கணம் என் கணவர்தான் அங்கே நடக்கிறார், பக்கத்தில் நிற்கிறவர் யாரோ என்று தோன்றியது.

ஓடிப்போய்ப் பிடித்தேன். "இன்னா அத்தை பண்றீங்க?"

"அவன் கீழதானம்மா பாப்பான். நானும் கீழ பாத்துக்கினே போனா எதிர்ல வருவான்ல."

அன்று சாயங்காலம் அவர் என்னிடம் கேட்டார். "அந்த ஸ்குரூவெல்லாம் கழட்ட முடியுமா?"

வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

"கழட்டினாலும் வளையாதுங்க. உள்ள எலும்பு சேர்ந்திடுச்சு. இனிமே அதுதான் உங்க முதுகு."

"ஒரு தடவ குனிஞ்சி காட்டினா போதும். நான் இங்கதான் இருக்கேன்னு."

குனியப் பார்த்தார். என் எதிரிலேயே முயன்றார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையவில்லை. எத்தனையோ பேருக்கு அந்தக் கடைசி முறுக்குக்கு நான் கருவி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த உறுதியைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எவ்வளவு உறுதி என்று தெரிந்தது.

சில நாள் கழித்து வழியை அவரே கண்டுபிடித்தார். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட மாட்டேன் என்று அடம். அவர் போய்க் கட்டிலுக்கு முன்னால் முட்டி போட்டார். பிறகு பின்பக்கம் குதிகால்மேல் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெட்டின மரம் சாய்கிற மாதிரி உடம்பை முழுசாக முன்னால் சாய்த்தார். முதுகு பலகையாக இருந்தது. ஆனால் முகம் தாழ்ந்து, அத்தையின் மடிக்குக் கீழே, நான் பல வருஷம் பார்த்த அதே உயரத்துக்கு வந்தது. அங்கேயிருந்து கண்ணை மட்டும் மேலே தூக்கிப் பார்த்தார்.

அத்தை அவர் மோவாயைப் பிடித்தார்.

"வந்துட்டியாடா சின்னவனே" என்றார். அழுகையே வரவில்லை அவருக்கு. காலையில் போன பிள்ளை சாயங்காலம் வந்த மாதிரி சொன்னார். "அண்ணன் வந்துட்டான்டா. பாத்தியா?"

"பாத்தேம்மா."

"சண்ட போட்டுக்காதீங்க."

"போட்டுக்கல."

நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். பயத்திலா சந்தோஷத்திலா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு மகன்களும் இருந்தார்கள். நின்றால் பெரியவர், முட்டி போட்டால் சின்னவர். சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு. இரண்டிலும் அவரே சாப்பிட்டார். அத்தை தெருவில் இறங்குவதை நிறுத்தினார். மழைக்காலம் முடிகிற சமயத்தில், ஒரு காலையில், டீயைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒவ்வொருவராகக் குனிந்து முத்தம் கொடுத்தார்கள். கடைசியாக மகனைக் கூப்பிட்டார்கள். அவர் போய்ப் பெட்டிக்கு அருகில் கையைத் தொங்கப்போட்டு நின்றார். கூட்டம் காத்திருந்தது. முட்டி போட்டால் பெட்டியின் விளிம்புதான் எதிரே தெரியும், நின்றால் எட்டாது, சாய்ந்தால் பெட்டிமேலேயே விழுந்துவிடுவார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவர் சித்தப்பா மகனிடம், "தூக்கிக் குடுங்க" என்றேன்.

நாலு பேர் சேர்ந்து பெட்டியைத் தூக்கினார்கள். தோள் உயரத்துக்கு ஏற்றி, தலைப்பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார்கள். அம்மாவும் மகனும் முகத்துக்கு முகம் நேராக இருந்தார்கள். அவர் கன்னத்தைக் கன்னத்தில் வைத்தார். தூக்கியவர்களின் கை நடுங்க ஆரம்பிக்கும்வரை அப்படியே இருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் பாஸ்டருக்கும் மட்டும் அவர் சொன்னது கேட்டது.

"ரெண்டு பேரும் வந்திருக்கோம்மா."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். பெட்டியை மூடினார்கள். கல்லறைக்குப் போகும் வழியில் ஆண்கள் முன்னால் போனார்கள். குடைகளுக்கும் தலைகளுக்கும் மேலே அவர் தலை தனியாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் நடந்தேன்.